சில நிமிட ஆசிட், பல மாதக் கறுப்பு: பருவுக்கு பீல் செய்துகொண்ட என் அனுபவம்

முகப்பருவுக்கு கெமிக்கல் பீல் (அமிலம் தடவித் தோலின் மேல் அடுக்கை உரியவைக்கிற சிகிச்சை) செய்துகொள்ளலாமா என்று யாராவது என்னிடம் கேட்டால், நான் முதலில் திருப்பிக் கேட்பது "நீங்க என்ன வேலை பாக்குறீங்க?" என்பதைத்தான். பரு எத்தனை வருஷமாக இருக்கிறது, எவ்வளவு பணம் இருக்கிறது என்பதெல்லாம் அப்புறம். என்னிடம் அந்தக் கேள்வியை முதல் நாளே ஒருவர் கேட்டிருந்தால் என் முகத்தின் இடது பக்கம் பல மாதம் கறுத்துக் கிடந்திருக்காது. நான் கோயம்புத்தூரில் ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தில் சைட் இன்ஜினியர். காலை எட்டு மணிக்கு வெயிலில் ஏறினால் சாயங்காலம் ஐந்து மணிக்குத்தான் இறக்கம். இது பீலுக்கு எவ்வளவு முக்கியமான விஷயம் என்பது அப்போது எனக்கும் தெரியாது, எனக்கு பீல் போட்டவர்களுக்கும் தெரியவில்லை, அல்லது தெரிந்தும் அவர்கள் கேட்கவில்லை.

சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம். கல்லூரி இரண்டாம் வருஷத்தில் கன்னத்திலும் தாடை ஓரத்திலும் பரு வர ஆரம்பித்தது. அம்மா, "சூட்டு ஒடம்புல ஒனக்கு, எண்ணெ தேச்சுக் குளி, சரியாப் போவும்" என்பார். அப்பா அதைப் பற்றிப் பேசவே மாட்டார். பையன்களுக்கு முகத்தைப் பற்றி ஒரு கவலை இருக்கலாம் என்பதையே எங்கள் வீட்டில் யாரும் ஒத்துக்கொள்வதில்லை. அதனால் நானும் யாரிடமும் சொல்லவில்லை. வேலைக்கு வந்த பிறகு சிமெண்ட் தூசி, வியர்வை, நாள் முழுக்கத் தாடையை அழுத்தும் ஹெல்மெட் வார் எல்லாம் சேர்ந்து பரு இரட்டிப்பாகிவிட்டது. சித்தப்பா மகள் கல்யாணத்தில் குடும்பப் படம் எடுக்கும்போது நான் மண்டபத்துக்குப் பின்னால் தண்ணீர் கேன் அடுக்குகிற வேலையை வலியப் போய்ச் செய்தேன். அந்தப் படத்தில் நான் இல்லை. இன்றும் அதைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது.

பீலுக்கு முன்பே ஒரு தப்பு செய்திருந்தேன். அதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் நடந்ததற்கு அதுவும் ஒரு காரணம். அறைக்குப் பக்கத்து மெடிக்கல் ஷாப்பில் "பருவுக்கு ஏதாவது குடுங்கண்ணா" என்று கேட்டு ஒரு டியூப் வாங்கினேன். பத்தே நாளில் முகம் வெளுத்து, பரு அமுங்கி, கண்ணாடியில் வேறு ஆள் மாதிரித் தெரிந்தேன். மூன்று மாதம் தேய்த்தேன். ஒரு வாரம் வாங்க மறந்தபோது முகம் முழுக்கச் சிவந்து, சின்னச் சின்னதாக ஒரே அளவில் பரு கொட்டியது. அது ஸ்டீராய்டு கலந்த க்ரீம் என்று பின்னால் தோல் மருத்துவர் சொல்லித்தான் தெரியும். ஸ்டீராய்டு தோலை மெலியவைக்கும், நிறுத்தினால் முன்பைவிட மோசமாகத் திருப்பி அடிக்கும். இப்படிப்பட்ட பல க்ரீம்களை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-லேயே மத்திய அரசு உத்தரவு போட்டிருக்கிறது. ஆனாலும் கேட்டால் கிடைக்கிறது. டியூப்பில் பெட்டாமெத்தசோன், மொமெட்டசோன், க்ளோபெட்டசால், ஃப்ளூசினோலோன் என்று 'சோன்', 'சால்', 'லோன்' எனப் பெயர் முடிகிற எதைப் பார்த்தாலும் முகத்தில் வைக்கும் முன் ஒரு மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.

அந்தச் சிவந்த முகத்தோடுதான் நகரத்தில் இருந்த ஒரு அழகு சிகிச்சை மையத்துக்குப் போனேன். பெயர் வேண்டாம். மார்ச் மாதம் முதல் வாரம். ஏசி அறை, வெள்ளைக் கோட்டு, சுவர் முழுக்க முன்–பின் படங்கள். என்னோடு பேசியவர் 'கவுன்சிலர்'. கன்னத்தை ஒரு கருவியில் படம் பிடித்துக் காட்டி, "இதுக்கு க்ளைகாலிக் பீல் ஆறு சிட்டிங் போதும் சார், இன்னைக்கே ஆரம்பிச்சிடலாம்" என்றார். ஆறுக்கும் சேர்த்து 18,000 ரூபாய். ஒவ்வொன்றாகக் கட்டினால் ஒரு சிட்டிங் 4,000 என்றார். க்ரெடிட் கார்டில் ஆறு மாதத் தவணை. அப்போது என் சம்பளம் 24,000. மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தேன், இடித்தது. ஆனால் அந்தக் குடும்பப் படம் ஞாபகம் வந்தது, கார்டை நீட்டிவிட்டேன். மருத்துவரைப் பார்க்கவேண்டாமா என்று கேட்டதற்கு, "டாக்டர் ரிப்போர்ட் பார்த்து ஓகே பண்ணிட்டாங்க" என்று பதில் வந்தது. நான் அந்த மருத்துவரைக் கடைசி வரை பார்க்கவில்லை.

இங்கே கொஞ்சம் நிறுத்தி, பீல் என்றால் என்னவென்று நான் பிறகு கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். தோலின் மேல் அடுக்கில் செத்த செல்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். பரு வருகிறவர்களுக்கு அவை எண்ணெயோடு சேர்ந்து துளையை அடைத்துவிடும். ஒரு அமிலத்தைக் கணக்கான அளவில், கணக்கான நேரம் வைத்து அந்த ஒட்டைத் தளர்த்தி உரியவைப்பதுதான் பீல். க்ளைகாலிக் அமிலம் கரும்பிலிருந்து கிடைக்கிற வகையைச் சேர்ந்தது. மூலக்கூறு ரொம்பச் சின்னது, அதனால் வேகமாக உள்ளே இறங்கும். அதன் முக்கியமான குணம், அது தானாக நிற்காது. நேரம் பார்த்து, சோடா உப்புக் கரைசல் மாதிரி ஒன்றை ஊற்றி அதை முறிக்கவேண்டும். ஒரு நிமிஷம் கூடினாலும் ஆழம் கூடும். சாலிசிலிக் அமிலம் வேறு மாதிரி. எண்ணெயில் கரையும், அதனால் எண்ணெய் அடைத்த துளைக்குள் நேராகப் போகும், ஓரளவுக்கு மேல் தானாகவே நின்றுவிடும். பருவுக்குப் பொதுவாக 20 முதல் 30 சதவீதச் சாலிசிலிக்கைப் பயன்படுத்துகிறார்கள். மாண்டெலிக் என்று ஒன்று உண்டு, கசப்பு வாதுமையிலிருந்து வந்தது. மூலக்கூறு பெரியது, மெதுவாகத்தான் இறங்கும், மாநிறத்துக்கும் கறுப்புத் தோலுக்கும் நிதானமானது. டிசிஏ (ட்ரைக்ளோரோஅசெட்டிக் அமிலம்) என்பது இன்னும் ஆழமாகப் போகக்கூடியது. ஃபீனால் பீல் மிக ஆழமானது, இதயத் துடிப்பையே பாதிக்கக்கூடியது என்பதால் அதைக் கண்காணிப்புக் கருவிகள் இருக்கிற இடத்தில்தான் செய்வார்கள். ஆக 'பீல்' என்று ஒரே பெயரில் எத்தனையோ இருக்கின்றன. எந்த அமிலம், எத்தனை சதவீதம், எத்தனை நிமிஷம் என்ற மூன்றையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். சதவீதம் மட்டும் போதாது, ஒரே சதவீதமாக இருந்தாலும் பிஎச் (அமிலத்தன்மையைக் காட்டுகிற எண்) குறையக் குறைய வீரியம் கூடும். ஆன்லைனில் பாட்டில் வாங்கி வீட்டில் தானே போட்டுக்கொள்கிறவர்களுக்கு இது புரிவதில்லை.

சரி, என் கதைக்கு வருகிறேன். அன்று காலையில்தான் ஷேவ் செய்திருந்தேன். முந்தின இரவு நண்பன் சொன்னான் என்று அடாபலீன் ஜெல் (பருவுக்குத் தடவுகிற மருந்து, தோலை உரியவைக்கக்கூடியது) வேறு போட்டிருந்தேன். மூன்று மாத ஸ்டீராய்டில் தோல் ஏற்கெனவே மெலிந்திருந்தது. இந்த மூன்றில் ஒன்றைக்கூட அங்கே யாரும் கேட்கவில்லை, சொல்லவேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை. ஒரு பெண் முகத்தைத் துடைத்துவிட்டு பிரஷ்ஷால் தடவ ஆரம்பித்தார். முதலில் எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது, பிறகு மிளகாய் அரைத்த கை பட்ட மாதிரி. அதன் பிறகு இடது கன்னத்தில் மட்டும் தனியாக ஒரு எரிச்சல், ஒரே இடத்தில் குத்துகிற மாதிரி. "இங்க மட்டும் ரொம்ப எரியுது மேடம்" என்றேன். சின்ன ஃபேனைக் கையில் கொடுத்து, "அப்படித்தான் சார் இருக்கும், வேலை செய்யுதுன்னு அர்த்தம்" என்றார். நடுவில் அவருக்கு ஒரு போன் வந்தது. எழுந்துபோய்ப் பேசிவிட்டு வந்தார். எத்தனை நிமிஷம் என்று எனக்குத் தெரியாது, அந்த அறையில் கடிகாரமே இல்லை. கழுவிய பிறகு கண்ணாடியில் பார்த்தால் இடது கன்னத்தில் ஐந்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிதாகச் சாம்பல் வெள்ளையில் ஒரு படலம், சுற்றிலும் சிவப்பு. க்ளைகாலிக் போடும்போது அப்படி வெளுத்தால் அமிலம் போகவேண்டிய ஆழத்தைத் தாண்டிவிட்டது என்று அர்த்தம். அது தெரியாமல் நான் நன்றி சொல்லிவிட்டு, அவர்கள் கட்டாயம் வேண்டும் என்று கொடுத்த க்ரீமும் ஃபேஸ் வாஷும் 4,300 ரூபாய்க்கு வாங்கிக்கொண்டு கிளம்பினேன்.

எரிச்சல் எல்லோருக்கும் இருக்கும், அது தப்பில்லை. முகம் முழுக்கச் சீராக ஏறி, சில நிமிஷத்தில் உச்சத்துக்குப் போய், கழுவியதும் அடங்குவது சாதாரணம். ஒரு இடத்தில் மட்டும் குத்தி, நிற்காமல் கூடிக்கொண்டே போனால் அது சாதாரணம் இல்லை. உடனே "கழுவுங்க" என்று சத்தமாகச் சொல்லிவிடுங்கள். சங்கடப்படாதீர்கள். அந்த நாற்காலியில் நான் சங்கடப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த இரண்டு மூன்று நிமிஷத்துக்கு ஒரு வருஷம் பதில் சொல்லியிருக்கிறேன்.

மறுநாள் எங்கள் சைட்டில் மூன்றாவது மாடி ஸ்லாப் காங்கிரீட். அதற்கு லீவு போட முடியாது. காலை ஏழரைக்கு ஏறினேன், கடைசி வண்டி இறங்கி முடிக்க மாலை ஐந்தரை. சன்ஸ்கிரீனைக் காலையில் ஒரு தடவை, பட்டாணி அளவு தடவியிருந்தேன். ஒரு மணி நேரத்தில் அது வியர்வையில் போயிருக்கும். புதுத் தோல் மேலே வந்து நிற்கிற நேரத்தில், மார்ச் மாத வெயிலில், கீழே வெள்ளையாகக் காங்கிரீட்டும் மேலே வானமுமாகப் பத்து மணி நேரம் நின்றிருக்கிறேன். மூன்றாம் நாள் அந்த இடம் பழுப்பாகிப் பொருக்குக் கட்டியது. நான்காம் நாள் அதன் ஓரம் தூக்கிக்கொண்டு நின்றது, நான் நகத்தால் பிடித்து உரித்துவிட்டேன். எங்கள் மேஸ்திரி அண்ணன் கவனித்துவிட்டுக் கிட்டே வந்து, "சார், சிமெண்ட்டுப் பாலு பட்டு வெந்தாப்பல இருக்குது. அத உரிக்காதீங்க சார், தானா உதுரட்டும். எங்க கையெல்லாம் பாத்திருக்கீங்கல்ல" என்றார். முப்பது வருஷமாகச் சிமெண்டில் கை வெந்து ஆறிய மனிதருக்குத் தெரிந்த அந்த ஒரு வரியை 18,000 ரூபாய் வாங்கிய இடத்தில் எனக்குச் சொல்லவில்லை. அன்று அவர் சொல்வதற்குள் நான் உரித்து முடித்திருந்தேன்.

இரண்டு வாரத்தில் அந்த இடம் காப்பிக்கொட்டை நிறத்துக்கு வந்துவிட்டது. பரு போய்விடும் என்று நினைத்தவனுக்குப் பருவும் இருந்தது, கறுப்பும் சேர்ந்தது. மையத்துக்குப் போன் செய்தால், "அடுத்த சிட்டிங்ல க்ளியர் ஆயிடும் சார்." நம்பிப் போனேன். ஏப்ரலில் இரண்டாவது சிட்டிங். ஆறாத இடத்தின் மேலேயே மறுபடி அமிலம். இந்தத் தடவை தாடைக்குக் கீழேயும் கறுத்தது. அதற்குப் பிறகு அம்மாவோடு வீடியோ காலில் பேசுவதை நிறுத்திவிட்டேன், நெட்வொர்க் சரியில்லை என்று ஒவ்வொரு தடவையும் சொல்வேன். அறையில் கூட இருந்த இருவரிடம் வெயிலில் கறுத்துவிட்டது என்று சொன்னேன். இரவில் போனில் 'பீல் கறுப்பு போகுமா' என்று தேடித் தேடி இரண்டு மணி வரை விழித்திருப்பேன். ஒரு நாள் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டுவிட்டு அழுதேன். இதை யாரிடமும் சொன்னதில்லை, இப்போது எழுதுகிறேன். முகத்துக்காக ஒரு ஆண் அழுவதா என்று நினைக்கிற யாராவது இதைப் படிக்கிற நிலைமையில் இருக்கலாம், அவருக்காகத்தான் எழுதுகிறேன்.

ஜூன் மாதம் அரசு மருத்துவமனையின் தோல் பிரிவுக்குப் போனேன். காலை ஏழரைக்கே போய் ஓ.பி. சீட்டு வாங்கி, பத்தரைக்கு உள்ளே கூப்பிட்டார்கள். ஐம்பது வயது இருக்கும் அந்த மருத்துவருக்கு. முகத்தைப் பார்த்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி, "என்ன வேலை பாக்குறீங்க தம்பி?" சொன்னேன். "வெயில்ல எத்தனை மணி நேரம்?" அடுத்து, பீலுக்கு முன்னால் என்னென்ன தடவினேன், பருவுக்கு ஐசோட்ரெடினாயின் மாத்திரை சாப்பிட்டதுண்டா, உதட்டோரம் அடிக்கடி கொப்புளம் வருமா, அடிபட்ட தழும்பு மேடாக வளர்கிற உடம்பா, ஆஸ்பிரின் ஒத்துக்கொள்ளுமா என்று வரிசையாகக் கேட்டார். மொத்தமே மூன்று நிமிஷம் ஆகியிருக்கும். இந்தக் கேள்விகள் ஒவ்வொன்றுக்கும் காரணம் இருக்கிறது. உதட்டோரக் கொப்புளம் ஹெர்பீஸ் வைரஸால் வருவது, பீல் அதைக் கிளப்பிவிடும், அதனால் முன்கூட்டியே மாத்திரை கொடுப்பார்கள். சாலிசிலிக் என்பது ஆஸ்பிரினின் உறவுக்கார அமிலம், ஆஸ்பிரின் ஒவ்வாமை இருப்பவர்களுக்கு ஆகாது, கர்ப்பிணிகளுக்கும் தவிர்ப்பார்கள். ஐசோட்ரெடினாயின் சாப்பிட்டால் தோல் ஆறுகிற விதமே மாறும், எந்த பீல் எப்போது என்பதை மருத்துவர்தான் முடிவு செய்யவேண்டும். உங்களிடம் இவற்றில் எதையுமே கேட்காமல் பிரஷ்ஷை எடுக்கிற இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

எனக்கு வந்தது தீக்காயத் தழும்பு இல்லை, காயத்துக்குப் பின் வருகிற நிறமிக் கறுப்பு என்று அவர் விளக்கினார். 1975-ல் ஃபிட்ஸ்பாட்ரிக் என்ற அமெரிக்கத் தோல் மருத்துவர், வெயிலுக்குத் தோல் எப்படி நடந்துகொள்கிறது என்பதை வைத்து வகை பிரித்தார். பிறகு அது ஆறு வகை என்று நிலைபெற்றது. நம் ஊரில் பெரும்பாலும் நாலாவது, ஐந்தாவது வகை. இந்தத் தோலில் எங்கே காயம் பட்டாலும், அது பருவாக இருந்தாலும் அமிலமாக இருந்தாலும், நிறமி செல்கள் பதறிப்போய் அளவுக்கு மேல் நிறத்தைக் கொட்டும். அதன் மேல் வெயில் பட்டால் இன்னும் கொட்டும். நிறம் மேல் அடுக்கிலேயே இருந்தால் பழுப்பாகத் தெரியும், மாதக் கணக்கில் மங்கிவிடும். கீழே இறங்கிவிட்டால் நீலச் சாம்பலாகத் தெரியும், வருஷக் கணக்காகும். ஒரு ஊதா விளக்கைக் காட்டிப் பார்த்துவிட்டு, எனக்குப் பெரும்பாலும் மேல் அடுக்கில்தான் இருக்கிறது என்றார். அன்றைக்குத்தான் பல வாரத்துக்குப் பிறகு எனக்கு மூச்சு ஒழுங்காக வந்தது.

அவர் செய்த முதல் வேலை எல்லாவற்றையும் நிறுத்தியதுதான். ஆறு வாரம் மிதமான ஒரு ஃபேஸ் வாஷ், மாய்ஸ்சரைசர், சன்ஸ்கிரீன், அவ்வளவே. சன்ஸ்கிரீனை ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கி எடுத்தால்தான் ஒரு முகத்துக்கும் கழுத்துக்கும் சரியான அளவு. எஸ்பிஎஃப் 30-க்குக் குறையாமல், வெயிலில் நிற்கிறவர்கள் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை. கறுப்பு இருக்கிறவர்களுக்கு இரும்பு ஆக்சைடு கலந்த, லேசாக நிறம் உள்ள சன்ஸ்கிரீன் இன்னும் நல்லது, ஏனென்றால் கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சமும் நம் தோலைக் கறுக்கவைக்கும். அப்புறம் இரவில் வாரம் மூன்று நாள் என்று தொடங்கி அடாபலீன், காலையில் அஸெலாயிக் அமில க்ரீம். மாத்திரை எழுதும்போது, "வழக்கமா டாக்ஸிசைக்ளின் குடுப்பேன் தம்பி, அது வெயில்ல தோலைச் சுட்டுடும், உங்களுக்கு வேண்டாம்" என்று வேறொன்றை எழுதினார். வேலையைக் கேட்டதற்கு அர்த்தம் எனக்கு அப்போதுதான் முழுசாகப் புரிந்தது. எதுவும் எட்டு முதல் பன்னிரண்டு வாரத்துக்கு முன்னால் பலன் தெரியாது, நடுவில் மாற்றாதீர்கள் என்றார். மாற்றவில்லை. செப்டம்பர் கடைசியில் புதுப் பரு வாரத்துக்கு ஒன்றிரண்டாகக் குறைந்தது.

மறுபடி பீல் என்ற பேச்சே எனக்கு வேண்டாம் என்று இருந்தது. துளை அடைப்பும் மிச்சக் கறுப்பும் இருக்கிறது, முறையாகச் செய்தால் சாலிசிலிக் உதவும் என்று சொல்லி, அவர்தான் தனியாக மருத்துவமனை வைத்திருக்கிற ஒரு தோல் மருத்துவரிடம் அனுப்பினார். அவர் எம்.டி. டி.வி.எல். படித்தவர். இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். 'காஸ்மெட்டாலஜிஸ்ட்', 'ஸ்கின் எக்ஸ்பெர்ட்', 'ஈஸ்தெடிஷியன்' என்ற பெயர்ப்பலகைகளைப் பார்த்து மயங்காதீர்கள். எம்.டி. டி.வி.எல்., டி.டி.வி.எல்., டி.என்.பி. டெர்மட்டாலஜி போன்ற பட்டம் இருந்தால்தான் தோல் மருத்துவம் படித்தவர். மருத்துவக் கவுன்சில் இணையதளத்தில் பெயரையோ பதிவெண்ணையோ போட்டுப் பார்த்துக்கொள்ளலாம், இரண்டு நிமிஷ வேலை.

அங்கே முதல் நாள் பீலே போடவில்லை. மூன்று வாரம் தோலைத் தயார் செய்யச் சொன்னார். பீலுக்கு ஐந்து நாள் முன்னால் அடாபலீனை நிறுத்தவேண்டும், முந்தின நாளும் அன்றும் ஷேவ் கூடாது, ஒரு வாரத்துக்கு முன்பிருந்தே ப்ளீச், வேக்ஸிங், த்ரெட்டிங், ஸ்க்ரப் எதுவும் கூடாது. ஞாயிற்றுக்கிழமைக்கும் அடுத்து நான் போடுகிற ஒரு நாள் லீவுக்கும் ஏற்ற மாதிரி சனிக்கிழமை மாலையில் நேரம் கொடுத்தார். காதுக்குப் பின்னால் சின்னதாகத் தடவிச் சோதித்தார். கண்ணோரம், மூக்கு மடிப்பு, உதட்டு ஓரத்தில் வாஸ்லின் வைத்தார், அமிலம் தேங்குகிற இடங்கள் அவை. 20 சதவீதச் சாலிசிலிக், கையில் டைமர், மருத்துவரே பக்கத்தில். இரண்டு நிமிஷத்தில் முகத்தில் வெள்ளைப்பொடி படிந்தபோது நான் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டேன், முதல் தடவை நடந்தது அப்படியே கண்ணில் வந்துவிட்டது. "இது வேறங்க. ஸ்பிரிட்டு ஆவியாகி மேல தங்கற சாலிசிலிக் பொடி, தண்ணில கழுவினா போயிரும், பாருங்க" என்று ஒரு ஓரத்தைத் துடைத்துக் காட்டினார். ஐந்து நிமிஷத்தில் கழுவிவிட்டார். ஒரு சிட்டிங் 1,800 ரூபாய், அன்றன்றைக்குக் கட்டினால் போதும். மூன்று வார இடைவெளியில் நான்கு தடவை, அவ்வளவு போதும் என்று அவரே நிறுத்திவிட்டார்.

காங்கிரீட் வேலை தெரிந்தவர்களுக்கு இது எளிதாகப் புரியும். ஸ்லாப் போடுவது ஒரு நாள் வேலை. அதற்கு முன்னால் சென்ட்ரிங் அடிப்பது, கம்பி கட்டுவது இரண்டு வாரம். போட்ட பிறகு பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவது குறைந்தது ஏழு நாள், கலப்புச் சிமெண்ட் என்றால் பத்து நாள். தண்ணீர் காட்டாமல் வெயிலில் காயவிட்டால் எவ்வளவு நல்ல கலவையாக இருந்தாலும் மேலே வெடித்துவிடும். இதைத் தினமும் ஆட்களிடம் சொல்லிக்கொண்டு திரிகிற நான், என் முகத்துக்கு அந்த ஏழு நாளைக் கொடுக்கவில்லை. இரண்டாவது இடத்தில் அந்த ஏழு நாளைக்கு எழுதியே கொடுத்தார்கள். மாய்ஸ்சரைசர் எவ்வளவு முறை வேண்டுமானாலும், உரிகிற இடத்தில் வாஸ்லின், கை வைக்கக் கூடாது, ஆவி பிடிக்கக் கூடாது, மூன்று நாளைக்கு வியர்க்க வியர்க்க எந்த வேலையும் கூடாது, உரிந்து முடிந்த பிறகே அடாபலீன். தவிடு மாதிரி உதிர்வதும் லேசான இறுக்கமும் ஐந்தாறு நாளில் போய்விடும். கொப்புளம், நீர் வடிதல், மறுநாளும் குறையாத வலி, ஒரு வாரம் தாண்டியும் போகாத சிவப்பு இதில் எது இருந்தாலும் அன்றே போன் செய்யச் சொன்னார்கள். சைட்டில் அந்த வாரம் மேனேஜரிடம் கேட்டு அலுவலக அறையில் பில் வேலை பார்த்தேன். முகத்துக்குச் சிகிச்சை என்று உள்ளதைச் சொல்லித்தான் கேட்டேன். அவர் ஒன்றும் சிரிக்கவில்லை, தன் மகளுக்கும் பரு இருக்கிறது என்று மருத்துவர் பெயரைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

பணக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். மையத்துக்குப் போனது 18,000, அவர்கள் விற்ற பொருள்களுக்கு 4,300. மீதி நான்கு சிட்டிங் பணத்தைக் கேட்டபோது 'பேக்கேஜ் திருப்பித் தரப்படாது' என்று ரசீதின் பின்னால் பொடி எழுத்தில் இருந்ததைக் காட்டினார்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்து புகார் பதிந்தேன். ரசீது, இரண்டு சிட்டிங்குக்குப் பிறகு எடுத்த படங்கள், வாட்ஸாப்பில் அவர்கள் "நார்மல்தான் சார்" என்று அனுப்பிய பதில்கள் எல்லாம் கைவசம் இருந்தன. ஐந்து வாரம் கழித்து 9,000 ரூபாய் திரும்ப வந்தது. 12,000 வரவேண்டும், ஆனால் வழக்கு வரைக்கும் போகத் தெம்பில்லாமல் ஒத்துக்கொண்டேன். அதனால், மொத்தமாகப் பணம் கட்டாதீர்கள், கட்டினாலும் ரசீதின் பின்பக்கத்தைப் படித்துவிட்டுக் கட்டுங்கள். சிட்டிங்குக்கு முன்னும் பின்னும் ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில் படம் எடுத்து வையுங்கள். முறையான சிகிச்சைக்கு நான்கு பீலும் சேர்த்து 7,200, மருத்துவர் ஃபீஸ் ஒவ்வொரு தடவைக்கும் 500.

இப்போது பரு அநேகமாக இல்லை. கன்னத்துக் கறுப்பு முக்கால்வாசி போய்விட்டது, வெயிலில் பார்த்தால் லேசாக ஒரு நிழல் தெரியும். பழைய பரு விட்டுப்போன குழிகள் அப்படியே இருக்கின்றன. நான் செய்துகொண்ட மாதிரி பீல் மேல் அடுக்கைத்தான் தொடும், ஆழமான குழியை நிரப்பாது. அதற்கு மைக்ரோநீட்லிங் (மெல்லிய ஊசிகளால் தோலில் குத்துவது), குழிக்குள் மட்டும் டிசிஏ வைப்பது என்று வேறு முறைகள் இருக்கின்றன. 'ஆறு பீலில் குழியெல்லாம் மறையும்' என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். நான் போன வாரம் மருத்துவரிடம் அதைப் பற்றிக் கேட்டேன். சைட்டில் இப்போது எந்த மாடி நடக்கிறது என்று கேட்டார். மொட்டை மாடி ஸ்லாப் வரும் என்றேன். "கத்திரி வெயில் தாண்டட்டுங்க, உங்க காங்கிரீட் வேலையெல்லாம் முடிஞ்சு உள்பூச்சு ஆரம்பிக்கும்போது வாங்க" என்று ஐப்பசியில் தேதி எழுதிக் கொடுத்திருக்கிறார்.